ஜேர்மன்காரரின் பந்தடிக் கழகத்தை நான் காப்பாற்றிய வரலாறு

புளிக்கவைத்த முட்டைக்கோவாவும், ஈரக் கம்பளியும், மேசையில் ஊற்றுண்டு காய்ந்த பியரும், கால்பிடிப்புக்குப் பூசுகிற தைலமும் ஒன்றாகக் கலந்த ஒரு மணம். மொன்றியல் நகரத்தின் அஹுன்ட்சிக் பக்கத்தில் இருந்த அந்த ஜேர்மன் உதைபந்தாட்டக் கழகத்தின் மண்டபக் கதவைத் திறந்தால், ஆட்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே அந்த மணம்தான் வந்து நம்மைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். எந்தக் கட்டடத்தில் எந்த மணம் இருந்தாலும் ஒரே நாளில் அதை இல்லாமற் செய்துவிடுகிற தொழில்காரன் நான், மொன்றியலில் என்னிடம் வேலை கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு மணத்தை மட்டும் நான் கடைசிவரை தொடவில்லை, ஏனென்றால் அது என் பிள்ளைப்பருவத்தின் மணம்.

வாசகர்கள் குழம்ப வேண்டாம். மற்றவர்களுக்குப் பிள்ளைப்பருவம் ஏழெட்டு வயதில் வரும். எனக்கு அது நாற்பத்து மூன்றாவது வயதில், இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், மூன்று வான் வண்டி ஓடுகிற துப்புரவு நிறுவனம் ஒன்றுக்கு நான் முதலாளியாகிய பிறகு வந்தது. அதற்கு முந்தியது பிள்ளைப்பருவம் அல்ல, வேலைக்காலம். திருகோணமலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டு ஒரு தேத்தண்ணிக்கடைக்குப் போனவன் நான். மைதானத்துக்கு நான் போகாத பின்னேரம் இல்லை, ஆனால் கையில் எப்போதும் கிளாஸ் அடுக்கிய தட்டு இருக்கும். “பந்தடி பாத்துக்கொண்டு நிண்டா பால் திரைஞ்சு போகும்” என்று கடை முதலாளி சொல்லுவார். பாலுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிற வாய் எனக்கு அப்போது இருக்கவில்லை, பிறகுதான் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டி என் காலடிக்கே உருண்டு வந்தாலும் தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், வேறு யாராவது ஓடிவந்து உதைத்துக்கொண்டு போவார்கள்.

அங்கிருந்து ஜேர்மனிக்குப் போய் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவியதால் எனக்கு ஜேர்மன் பாஷை தண்ணீர்பட்ட பாடு. “கெதியா”, “இன்னும் கெதியா”, “சுடும், கவனம்”, “கத்தி எங்கே” என்ற நாலையும் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்த நாட்டில் தெரியாதது ஒன்றுமில்லை. பிறகு மொன்றியலுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலம் துடைத்து, படித்த மனிதர்கள் வழுக்கி விழாமல் நடப்பதற்கு நானே பொறுப்பு என்ற நிலைக்கு உயர்ந்து, சொந்த நிறுவனம் தொடங்கினேன். அந்த ஜேர்மன் கழகத்தின் மண்டபத்தைக் கிழமைக்கு ஒருமுறை துப்புரவாக்குகிற வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

கழகத்தின் தலைவர் பெயர் கூர்ட். எழுபதைத் தாண்டியவர், பேக்கரி நடத்தி ஓய்ந்தவர், நான் துடைத்த யன்னலை விரலால் தடவிப் பார்ப்பவர். விரலில் ஒன்றும் ஒட்டாவிட்டால் அவருக்கு அன்று முழுதும் மனவருத்தம். நாலைந்து கிழமை இப்படி மனவருத்தப்பட்ட பிறகு என்னை மதித்து, எதிரில் இருத்தி, பியர் ஊற்றித் தந்து, கழகத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். நான் சனிக்கிழமைதோறும் கேட்டேன். இப்போது அதை முழுதாகத் தெரிந்தவன் உயிரோடு நான் ஒருவன்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கப்பலேறி வந்த பேக்கரிக்காரரும் தச்சரும் மெக்கானிக்குகளும் சேர்ந்து தொடங்கிய கழகம் அது. ஊரெல்லாம் ஐஸில் தடியோடு சறுக்கிக்கொண்டிருக்க, இவர்கள் ஒரு தொழிற்சாலையின் பின்வளவில் கல்லுப் பொறுக்கி, புல்லு விதைத்து, அந்தப் புல்லு முளைக்கும் முன்பே அதில் பந்தடித்துக் கெடுத்தார்களாம். முதற்கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்களாம். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், உடைப் பொறுப்பாளர், பந்துக்குக் காற்றடிக்கும் பொறுப்பாளர் என்று பதினொரு பேருக்குப் பதவி கிடைத்ததாம். பதவி கிடைக்காத பன்னிரண்டாவது ஆள் கோபித்துக்கொண்டு போய், தெருவுக்கு அந்தப்பக்கம் வேறொரு கழகம் தொடங்கினாராம். இதைக் கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. எங்கள் மன்றங்களும் பழைய மாணவர் சங்கங்களும் எத்தனை தரம் இப்படி உடைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவர்கள் வெள்ளைக்காரர் அல்ல, எங்கட ஆக்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

கழகத்தின் பெரிய வெற்றி ஒரே ஒரு கிண்ணம். இறுதிப் போட்டியில் ஒன்றுக்கு இல்லை என்று வென்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தது யார் என்பதுதான் கழகத்தின் மிச்ச வரலாறு. அன்றைக்கு கோல் கீப்பராக நின்ற கூர்ட், காற்று வளமாக அடிக்க, தன் கோலடியிலிருந்து ஓங்கி உதைத்த பந்து நிலத்தில் ஒரே ஒருதரம் குத்தி நேரே எதிர்க் கோலுக்குள் போய்விட்டது என்கிறார். முன்னுக்கு விளையாடிய வில்லி, பந்து தன் தலைமயிரில் உரசித்தான் உள்ளே போனது என்கிறார். வில்லி தச்சுவேலைக்காரர், கழகத்தின் பொருளாளர். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஆனால் தினமும் பின்னேரம் மண்டபத்துக்கு வந்து, எதிரெதிர் மூலையில், இரண்டு மேசையில் முகம் பார்க்காமல் இருந்து பியர் குடிப்பார்கள். நான் போன காலத்தில் வில்லியின் தலையில் உரசுவதற்கு ஒரு மயிர்கூட மிச்சமிருக்கவில்லை. வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு பேரும் வருடாவருடம் தங்கள் படத்தைக் கொடுத்து விளையாட்டு வீரர் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். “அவன்ரை பேர் இருக்குமட்டும் என்ரை பேரும் இருக்கும்” என்று இரண்டு பேருமே தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

ஆனால் பந்தடிக்கத்தான் ஆளில்லை. அவர்களின் பிள்ளைகள் ஐஸ் விளையாட்டுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள்; பேரப்பிள்ளைகளுக்கு ஜேர்மனில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும் தெரியும். லீக்கில் அணி இறக்குகிற கழகமாக இருக்கும்வரைதான் மண்டபம் என்று நகரசபை சொல்லிவிட்டது. இரண்டு போட்டிக்கு ஆள் சேராமற்போக, இன்னொரு தடவை வராவிட்டால் கழகத்தை நீக்குவோம் என்று லீக்கும் சொல்லிவிட்டது. கூர்ட் அன்றைக்கு யன்னலைத் தடவவில்லை. உங்கள் ஆட்கள் பந்தடிப்பார்களா என்று மெல்லக் கேட்டார். எங்கள் ஆட்கள் பிறக்கும்போதே காலை உதைத்துக்கொண்டுதான் பிறக்கிறார்கள் என்றேன்.

அடுத்த ஞாயிறு பதினைந்து பெடியளைக் கொண்டுபோய் இறக்கினேன். பாதி யாழ்ப்பாணம், பாதி மட்டக்களப்பு. உடைமாற்றும் அறையில் ஒரு வாங்கில் ஒருபாதி, மற்ற வாங்கில் மறுபாதி என்று அவர்கள் இருந்ததைப் பார்த்த கூர்டுக்கும் வில்லிக்கும் உடனே பிடித்துப்போய்விட்டது. கப்டன் சுதன், என் மனைவியின் தமையனுடைய மகன், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுகிற வேலை. சட்டைகள் என் செலவு, ஆகவே முதுகில் என் நிறுவனத்தின் பெயர். அந்த உரிமையில் நானும் கோட்டும் ரையுமாகப் படம் எடுத்துக் கொடுத்து, ஒரு வீரர் அட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் காற்சட்டை போட்டு, சப்பாத்து இறுக்கி, வெளி வாங்கில் ஆயத்தமாக இருந்தேன். என்னை இறக்கு என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை, கேட்கிற ஆள் நானில்லை. ஆனால் அவன் பக்கத்தில் வரும்போதெல்லாம் எழுந்து கால் உதறிக் காட்டுவேன். சுதன் சொல்லுவான், “மாமா, நீங்கள் எங்கட ரகசிய ஆயுதம். சும்மா சும்மா வெளியில எடுக்கேலாது.” பெடியள் மற்றப்பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். ரகசியம் இரண்டு கோடைகாலம் காக்கப்பட்டது.

மூன்றாவது கோடையில் கழகத்துக்கு ஐம்பதாவது ஆண்டு வந்தது. பருவத்தின் கடைசிப் போட்டி, ஐப்பசி மாதத்து ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. ஜேர்மன்காரர் கேக் வெட்டுவோம் என்றார்கள். ஐம்பது வருடத்துக்கு ஒரு கேக்கா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொறுப்பை நான் எடுத்தேன். கோயிலில் இருந்து ஆளுயரக் குத்துவிளக்கு, மைதானத்தின் நடுவட்டத்தில் வாழையிலை, பிரதம விருந்தினர், பொன்னாடை, விளக்கேற்றல், மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி, வரவேற்புரை, அதற்குப் பிறகு பந்தடி. கூர்ட் என் நிகழ்ச்சிநிரலைக் கேட்டுவிட்டு, தலைவருரை மட்டும் விடுபட்டுவிட்டது என்றார். பொருளாளருரையும் என்றார் மற்ற மூலையிலிருந்து வில்லி.

பிரதம விருந்தினர் ரொக்ஸ்பரோவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவரை அழைத்துவர ஒரு ஆளை அனுப்பலாமா? மூன்று பட்டம் பெற்ற மனிதர்; ஒருவன் தனியே போய் ‘ஏறுங்கோ’ என்றால் அது மரியாதையா? ஆறு பேரை வேட்டி கட்டி, மாலையோடு, சுதன் தலைமையில் என் பெரிய வானில் அனுப்பினேன். மறுபக்கத்தார், அவர்கள் யாரென்று பிறகு சொல்கிறேன், இதை நான் விட்ட பிழை என்று இன்றைக்கும் கதைக்கிறார்கள். பிழையே இல்லை. ஆறு பேரும் பந்தடிக்கிறவர்களாக இருந்தார்கள் என்பதும், மிச்சமிருந்தவர்களில் ஐந்து பேருக்கு அந்த ஞாயிறு வேலை விழுந்துவிட்டது என்பதும் மரியாதையின் குற்றமல்ல.

ஒன்றரைக்கு சுதன் ரெலிபோன் எடுத்தான். “மாமா, அதிபர் இன்னும் பூசையில. அவரின்ரை மனிசி கேசரி சாப்பிடாமல் போகவிடமாட்டன் எண்டு கதவடியில நிக்கிறா.” ஒன்றே முக்காலுக்குத் திரும்ப எடுத்தான். “மாமா, இப்ப சப்பாத்துத் தேடுறார். கறுப்பு வேண்டாமாம், மண்ணிறம்தானாம்.” இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் வீதி திருத்துகிறவர்களின் செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் வான் நின்றது. அதிபர் வானுக்குள்ளேயே உரையை ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னான்.

இங்கே மைதானத்தில் மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மீசை வைத்த பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர். ஆனால் நடுவட்டத்தில் நிற்கிற குத்துவிளக்கைச் சுற்றி மூன்று தரம் நடந்துவிட்டு, இது எந்த அணி என்று கேட்டார். பதினைந்து நிமிடம் பொறுப்பேன், அதற்குள் ஒரு அணிக்கு ஏழு பேராவது நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன் என்றார். எழுதினால் லீக் போச்சு, லீக் போனால் மண்டபம் போச்சு. என்னிடம் இருந்தது நாலு பெடியள். என்னோடு ஐந்து. ரகசிய ஆயுதம் தானாகவே வெளியில் வந்துவிட்டது.

மிச்சம் இரண்டு பேர் வேண்டும். அட்டை வைத்திருந்த இன்னும் இரண்டு பேர் அந்த மைதானத்திலேயே, பிரதம விருந்தினருக்காகப் போட்ட கதிரை வரிசையின் இரண்டு அந்தத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள்.

நான் முதலில் கூர்டிடம் போனேன். வில்லி இறங்கினால் தான் இறங்கமாட்டேன் என்றார். வில்லியிடம் ஓடினேன். பந்து தன் தலையில் உரசியது என்று கூர்ட் எல்லோருக்கும் முன்னால் சொன்னால் இறங்குவேன் என்றார். திரும்பக் கூர்டிடம் ஓடினேன். மயிரில் உரசியது என்றால் எந்த மயிர், காட்டட்டும் என்றார். போட்டி தொடங்க முன்பே எனக்கு ஒரு பாதி ஆட்டம் ஓடிக் களைத்துவிட்டது. மத்தியஸ்தர் பேனையைத் திறந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு கதிரைக்கும் நடுவில் நின்று, எனக்குத் தெரிந்த ஜேர்மனும் பிரெஞ்சும் இங்கிலிஷும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து கேட்டேன்:

“மண்டபத்தைப் பூட்டிப்போட்டாங்களெண்டால், பேந்து ரெண்டு பேரும் எங்கை போயிருந்து கதைக்காமல் இருப்பியள்?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குத் தெரிய அதுதான் முதல்தடவை. கூர்ட் மெல்ல எழுந்து கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, கோலடியை நோக்கி நடந்தார். வில்லி தன் பைக்குள்ளிருந்து பளபளவென்று மினுக்கிய பழைய பந்தடிச் சப்பாத்து ஒன்றை எடுத்தார். அதை அவர் எத்தனை காலமாகத் தினமும் காவிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. நாலு பெடியளும் குத்துவிளக்கைத் தூக்கிக் கரையில் வைக்க, மத்தியஸ்தர் விசில் ஊதினார்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாங்கள் தோற்றோம். எத்தனை கோல் என்று மறுபக்கத்தார் ஒரு கணக்குச் சொல்வார்கள், நம்பவேண்டாம். கூர்ட் கோலுக்கு வந்த பந்துகளை விட்டுவிட்டு, வில்லி நிற்கிற இடத்தை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லி எங்கள் கோல் எந்தப்பக்கம் என்பதை இரண்டு தரம் மறந்தார். முந்தின இரவு முழுதும் மழை பெய்த நிலம். நான் ஓடினேன், விழுந்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன். அப்போது ஒரு பந்து, எதிர் அணிக்காரன் ஒருவனின் காலில் பட்டுத் தெறித்து, நேரே என் காலடிக்கு உருண்டு வந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். கையில் தட்டில்லை. உதைத்தேன். அது எங்கே போனது என்பது முக்கியமில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் போய் எடுத்துவரச் சொன்னார் மத்தியஸ்தர்.

இரண்டாம் பாதி தொடங்கக் கொஞ்சம் முன்னதாக வான் வந்தது. ஆறு பேரும் வேட்டியைக் களைந்து காற்சட்டையோடு ஓடிவர, அதிபர் மாலையோடு இறங்கி விளக்கு எங்கே என்று கேட்டார். காற்றுக்கு ஒரு திரியும் நிற்காததால் அவரைக் கரையோரக் கதிரையில் இருத்தினோம். அவர் இருக்கவில்லை, எழுந்து நின்று, உதைபந்தாட்டமும் ஒழுக்கமும் என்ற தலைப்பில், அங்கிருந்த ஜேர்மன் கிழவிகளுக்குச் சுத்தமான தமிழில் உரையாற்றினார். அவர்கள் ஒரு சொல்லும் விளங்காமல், சரியான இடங்களில் எல்லாம் கைதட்டினார்கள். இனி ஆட்கள் இருக்கிறார்கள், பெரியவர்கள் வெளியே வரலாம் என்று சுதன் கேட்டான். வில்லி முதலில் போகட்டும் என்றார் கூர்ட். கூர்ட் போகட்டும் என்றார் வில்லி. கடைசியில் சுதன் என்னிடம் வந்தான். “மாமா, நீங்களாவது வாங்கோவன், நெஞ்சு நோகப்போகுது.” நான் காது கேளாதவன்போல ஓடிவிட்டேன். கடைசி விசில்வரை மூன்று பேரும் உள்ளேதான் நின்றோம். கழகம் தப்பியது, மண்டபம் தப்பியது. தலைவருரையும் பொருளாளருரையும் முடியப் பொழுதுபட்டுவிட்டது.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி மகேஸ் கதவைத் திறந்து, மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இது என்ன கோலம்? சின்னப்பிள்ளையே நீங்கள்? அந்த வெள்ளைக் காற்சட்டையை இனி ஆர் தோய்க்கிறது? உள்ளுக்கு ஒரு அடி வைச்சியளெண்டால் தெரியும், அதிலையே நில்லுங்கோ.”

மூன்று வான் ஓடுகிற துப்புரவு நிறுவனத்தின் முதலாளி, முழங்காலிலும் மூக்கிலும் சேற்றோடு, சொந்த வீட்டு வாசலில் நிறுத்திவைக்கப்பட்டேன். திருகோணமலையில் பொழுதுபடுகிற நேரம் ஒழுங்கைக்கு ஒழுங்கை தாய்மார் இப்படித்தான் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி ஏசுவார்கள். கிளாஸ் தட்டோடு நான் அவர்களைக் கடந்து போவேன். தேத்தண்ணிக்கடையின் பின்பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்த எனக்கு, ஊத்தையாய் வந்தாயே என்று ஏச ஒருவருமில்லை. மகேஸ் அன்றைக்கு அயலட்டை கேட்க நன்றாக ஏசினாள். இடையில் புகுந்து நியாயம் கதைக்கிற நான் அன்று முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றேன். நிறுத்திவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

கூர்டும் வில்லியும் இன்னும் சில பனிக்காலம் அந்த மண்டபத்தில் கதைக்காமல் இருந்தார்கள். வில்லி மாசி மாதம் போனார். பங்குனி முடியமுன் கூர்டும் போனார். மண்டபத்தை உடைத்து இப்போது அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள், கீழ்த்தட்டில் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்டெறி. அந்த வழியால் போனால் பாலும் சவர்க்காரமும் மணக்கிறது. கழகம் இரண்டாகிவிட்டது. இரண்டிலும் ஒரு ஜேர்மன்காரரும் இல்லை, எல்லோரும் எங்கட பெடியள். ஆனால் இரண்டு பக்கமும் தாங்கள்தான் அசல் ஜேர்மன் கழகம் என்கின்றன, இரண்டு பதாகையிலும் அந்தப் பேக்கரிக்காரர் தொடங்கிய ஆண்டையே போட்டிருக்கின்றன. ஒன்றுக்கு நான் தலைவர். மற்றதற்கு சுதன். போன பொங்கலுக்கு ஒரே வீட்டில் சாப்பிட்டோம், கதைக்கவில்லை. மறுபக்கத்தார் வரலாறு எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் இதை முந்தி எழுதுகிறேன்.

நகரசபை மைதானத்துக்குச் செயற்கைப் புல் விரித்துவிட்டது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், சேறென்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போதும் காற்சட்டை போட்டுக்கொண்டு போகிறேன், தலைவரை யாரும் தடுக்கமுடியாது. போன கிழமை இரண்டு தரம் விழுந்தேன், ஒருதரம் உண்மையாகவே. வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வாசலில் கொஞ்சநேரம் நின்றேன். மகேஸ் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், “வாங்கோ, சாப்பாடு ஆறுது” என்றாள்.